மரத்தக்கைக்குக் கீழே: வன்மரத் தளங்களில் திருகாணியை மறைக்கும் முறை குறித்து ஒரு மதிப்பீடு

வீட்டின் பின்புறத்திலும் நீச்சல்குளத்தின் ஓரத்திலும் கடலோர விடுதிகளின் முகப்பிலும் திறந்த வெளியில் அமைக்கப்படும் மரத்தளங்களில் பலகைகளைப் பிணைப்பதற்குப் பல முறைகள் வழக்கில் உள்ளன. அவற்றுள் மிகுந்த உழைப்பைக் கேட்பதும் மிகுந்த மதிப்போடு பேசப்படுவதும், திருகாணியைப் பலகைக்குள் ஆழ இறக்கி, அதன் தலைக்கு மேலுள்ள குழியை அதே வகை மரத்திலிருந்து வெட்டியெடுத்த சிறு வட்டத் துண்டால் அடைத்துவிடும் முறையாகும். அடைக்கும் அந்தத் துண்டை மரத்தக்கை எனலாம். வேலை முடிந்த தளத்தில் உலோகம் எங்கும் கண்ணில் படுவதில்லை என்பதால், இம்முறையின் பெருமை முழுவதும் மறைப்பதில்தான் இருக்கிறது என்ற எண்ணம் வீட்டு உரிமையாளர்களிடமும் தளம் அமைப்போரிடமும் ஊன்றிவிட்டது. மறைப்பு அதன் பயன்களுள் மிகச் சிறியது. திருகாணி பலகையை மேலிருந்து நேராக இறுக்கிப் பிடிப்பதும், அப்பிடிப்பைத் தேவையானபோது திறந்து கழற்ற இயலுவதுமே அதன் உண்மையான சிறப்புகள். தக்கை திறக்கத்தக்க மூடியாக இருக்கும் வரை முறை தன் உழைப்புக்கு ஈடான பலனைத் தருகிறது. அது நிலையான முத்திரையாக மாற்றப்படும் இடத்தில், இன்றைய தளங்களில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே, அதன் குறைகள் நிறைகளை விஞ்சத் தொடங்குகின்றன.

செய்முறையின் அடிப்படை எளியது. பலகையில் முதலில் ஏறத்தாழ 10 மி.மீ. விட்டமுள்ள அகன்ற குழி ஒன்று சில மி.மீ. ஆழத்துக்கு எடுக்கப்படுகிறது. அதன் நடுவிலிருந்து, திருகாணியின் தண்டு செல்வதற்கான ஒடுங்கிய வழித்துளை பலகையைக் கடந்து கீழேயுள்ள தாங்குசட்டத்துக்குள் இறங்குகிறது. இரண்டு துளைகளையும் ஒரே மூச்சில் எடுத்து, குறித்த ஆழத்தில் தானே நின்றுவிடும் துளை அலகுகள் இப்போது கிடைக்கின்றன. திருகாணியின் தலை குழியின் அடியில் அமர்ந்தபின், தக்கையின் பக்கங்களில் பசை தடவி, அதன் இழையோட்டம் பலகையின் இழையோட்டத்தோடு இணையுமாறு திருப்பி வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குகிறார்கள். பசை காய்ந்தபின், மேலே துருத்தி நிற்கும் பகுதியை உளியால் சீவி உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள்.

தக்கையின் இழை பலகையின் இழையோடு இணையவேண்டும் என்ற விதி அழகுக்கானது மட்டுமன்று. மரம் ஈரத்தை ஏற்கும்போது விரிந்து, இழக்கும்போது சுருங்குகிறது. இந்த அசைவு இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை எனலாம். குறுக்குவாக்கில்தான் அது மிகுதி. பலகையின் முகப்பிலிருந்து வெட்டப்பட்ட தக்கையில் இழை படுக்கையாக ஓடுகிறது என்பதால், அதைச் சரியாகத் திருப்பி வைத்தால் பலகை எத்திசையில் சுருங்குகிறதோ அதே திசையில் தக்கையும் சுருங்கி, இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்து குலையாமல் நிற்கிறது. கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியைத் துண்டுதுண்டாக அறுத்து அடைத்தால் நிலைமை வேறாகிறது. குச்சியில் இழை செங்குத்தாக நிற்பதால் அது எல்லாப் பக்கங்களிலும் சுருங்குகிறது. சுற்றியுள்ள பலகையோ நீளவாக்கில் அசைவதில்லை. எனவே தக்கையின் இரு ஓரங்களில் பிறைவடிவில் இடைவெளி விழுந்து அதன் வழியே நீர் இறங்குகிறது. மேலே தெரியும் வெட்டுமுகமும் நீரைத் தாராளமாக உறிஞ்சிக் கறுத்துவிடுகிறது. விலை குறைவு என்பதற்காகக் குச்சித் துண்டுகளால் அடைக்கப்பட்ட தளத்தை மரத்தக்கை முறையில் அமைந்த தளம் என்று மதிப்பிடுவதே முறைக்குச் செய்யும் அநீதியாகும்.

இந்த நுட்பம் கப்பல் தச்சர்களிடமிருந்து நிலத்துக்கு வந்தது. அங்கு அது எதற்காகத் தோன்றியது என்பதை அறியாமல் இன்றைய வடிவத்தை எடைபோட இயலாது. மரக்கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் வெறுங்காலோடு நடந்தார்கள், கயிறுகளை இழுத்தார்கள், நாள்தோறும் தளத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். துருத்தி நிற்கும் உலோகத்தலை அங்கே காலைக் கிழிக்கும், கயிற்றை அறுக்கும், உப்புநீரில் அரித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஆகவே ஆணிகளையும் மரையாணிகளையும் குழிக்குள் இறக்கித் தக்கையால் மூடி, பலகைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் கீலூறிய நாரை அடைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் போர்க்கப்பல்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது: எஃகுத் தளத்தின் மேல் பற்றவைத்த மரைத்தண்டுகளில் தேக்குப் பலகைகளைக் கோத்து, திருகுமரைகளைக் குழிக்குள் முடுக்கி, மேலே தேக்குத் தக்கையிட்டார்கள். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பானின் சரணாகதி ஒப்பமான மிசூரி கப்பலின் மேல்தளமும் தேக்குப் பலகை வேய்ந்ததே. பர்மாவின் தேக்கும் மலபாரின் தேக்கும் இந்தத் தொழிலுக்கு நெடுங்காலம் பொருள் வழங்கின. தேக்கு ஈரத்துக்கு அசைவது குறைவு. முற்றிலும் காய்ந்தால் அதன் சுருக்கம் ஆரவாக்கில், அதாவது மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில், ஏறத்தாழ 2.5 விழுக்காடும், வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும் மட்டுமே. நீரில் நனைந்து வெயிலில் காயும் தளத்தில் தக்கை கழன்றுவிடாமல் நின்றதற்குத் தச்சரின் கைத்திறத்தோடு தேக்கின் இந்த இயல்பும் காரணம்.

கப்பல் தச்சர்களின் வழக்கத்தில் இன்றைக்குப் பெரிதும் மறக்கப்பட்ட கூறு ஒன்று உண்டு. அவர்கள் தக்கையைப் பெரும்பாலும் வலிய பசையில் பதிக்கவில்லை. வார்னிஷிலோ வண்ணத்திலோ ஈயவெள்ளைக் குழம்பிலோ தோய்த்துப் பதித்தார்கள். நீர் புகாதபடி அடைக்க அது போதுமாக இருந்தது. பலகையை மாற்றவேண்டிய நாள் வந்தபோது தக்கையை வெளியே எடுக்கவும் இடம் தந்தது. எடுக்கும் வழியும் அழகானது. தக்கையின் நடுவில் மெல்லிய துளையிட்டு அதில் ஒரு சிறு திருகாணியை முடுக்கினால், அதன் முனை கீழே புதைந்துள்ள திருகாணியின் தலையில் முட்டி நின்றபின், ஒவ்வொரு சுற்றும் தக்கையைத் தானே மேலே தூக்கிவிடும். குழியின் சுவருக்குச் சேதமில்லை. கீழுள்ள திருகாணியின் பிடிவாய், அதாவது திருப்புளி பொருந்தும் பள்ளம், சுத்தமாக இருக்கும். பலகை முழுதாகக் கழன்று வரும். பழுதுபார்ப்பை முதல்நாளே எண்ணிச் செய்த வேலை இது.

நிலத்துக்கு வந்தபோது மரமும் மாறியது, நோக்கமும் மாறியது. வட அமெரிக்காவில் உயர்தர மரத்தளம் என்றால் பெரும்பாலும் பிரேசில் முதலான தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வரும் ஈப்பே மரமே நினைவுக்கு வருகிறது. அதன் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1,000 கிலோகிராமைத் தாண்டுவதால் அது நீரில் மூழ்கும். பூஞ்சைக்கும் கறையானுக்கும் எளிதில் இடம்கொடுக்காது. வழித்துளை இல்லாமல் அதில் திருகாணி ஏறாது. வலிந்து ஏற்றினால் பலகை பிளக்கும், அல்லது திருகாணியின் கழுத்து முறியும். பதப்படுத்திய கரிம எஃகைவிடத் துருப்பிடிக்காத எஃகு முறுக்குவிசைக்கு இளகியது என்பதால் முறியும் வாய்ப்பு மேலும் கூடுகிறது. ஆயினும் சாதாரண எஃகைப் பயன்படுத்த வழியில்லை. இரும்பு துருப்பிடிப்பதோடு, பல வன்மரங்களின் சாறுகளோடு வினைபுரிந்து கருங்கறையையும் உண்டாக்கும். எப்படியும் ஒவ்வொரு திருகாணிக்கும் துளையிட்டே ஆகவேண்டிய மரம் என்பதால், அத்துளையின் வாயைச் சற்று அகலமாக்கித் தக்கையிடுவது சிறிய கூடுதல் வேலைதானே என்று வாதிடப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது சிறியதன்று. 140 மி.மீ. அகலப் பலகைகளை 5 மி.மீ. இடைவெளியோடும், தாங்குசட்டங்களை 400 மி.மீ. தொலைவிலும் வைத்து, பலகை சட்டத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திருகாணிகளை இட்டால், சதுர மீட்டருக்கு 34 அல்லது 35 திருகாணிகள் வரும். 20 சதுர மீட்டர் கொண்ட நடுத்தரத் தளத்துக்கு ஏறத்தாழ 690 தக்கைகள் வேண்டும். பசையிட்டு, இழை பார்த்துத் திருப்பி, தட்டி, சீவி, தேய்க்க ஒன்றுக்கு 2 நிமிடம் என்று குறைத்து வைத்தாலும் தக்கைகளுக்கு மட்டும் 23 மணி நேர உழைப்பு செல்லும். இந்த உழைப்பு முழுவதும் முழங்காலில் அமர்ந்து செய்வது. தேய்க்கும்போது எழும் ஈப்பேத் தூள் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்துவது. தளத்தின் விலையைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

இவ்வளவு உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. இம்முறையோடு போட்டியிடுவது மறைகவ்வி முறை. பலகையின் இரு விளிம்புகளிலும் நீளக் காடி வெட்டி, அக்காடிக்குள் நுழையும் உலோக அல்லது நெகிழிக் கவ்விகளைச் சட்டத்தில் திருகி, பலகைகளைப் பக்கவாட்டில் பிடிப்பதே அது. பலகை ஈரத்துக்கு ஏற்ப அகலத்தில் விரிந்து சுருங்கக் கவ்வி சற்று இடம்கொடுக்கிறது. பலகையின் முகத்தில் ஒரு துளைகூட இல்லை. ஆனால் அடர்ந்த வன்மரம் வளைய முற்படும்போது எழும் விசை பெரிது. மேல்முகம் வெயிலில் காய்ந்தும் அடிமுகம் தரையின் ஈரத்தில் ஊறியும் இருக்கும் பலகை தன் விளிம்புகளைத் தூக்கிக் குழிந்துகொள்ளப் பார்க்கிறது. அவ்வேளையில் பலகையைத் தாங்குவது காடிக்கு மேலும் கீழும் எஞ்சியிருக்கும் மெல்லிய உதடுகள் மட்டுமே. 19 மி.மீ. பலகையில் அந்த உதடுகள் பிளந்து போவதும் உண்டு. மேலும் தளத்தின் நடுவில் ஒரு பலகை கெட்டால், அதை மாற்றுவதற்கு ஒரு விளிம்பிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும், அல்லது கெட்ட பலகையை அறுத்தெடுத்துவிட்டுப் புதியதை வேறு விதமாகப் பிணைக்கவேண்டும். மேலிருந்து இறங்கும் திருகாணியோ பலகையின் உடலையே சட்டத்தோடு இறுக்குகிறது. எந்தப் பலகையையும் அண்டைப் பலகையைத் தொடாமல் எடுக்கவும் விடுகிறது. பிடிமானத்திலும் தனித்தனியே மாற்றும் வசதியிலும் மரத்தக்கை முறை கவ்வியைவிடத் தெளிவாக மேலானது.

தனித்தனியே மாற்றும் அந்த வசதியைத்தான் இன்றைய வழக்கம் தன் கையாலேயே இழக்கிறது. தக்கை கழன்று விழுந்தால் வாடிக்கையாளர் குறைகூறுவார் என்ற அச்சத்தில் எப்பாக்ஸி போன்ற நிரந்தரப் பசைகளில் அதைப் பதிக்கிறார்கள். போதாக்குறைக்குப் பசையைக் குழிக்குள்ளேயே ஊற்றி, திருகாணித் தலையின் பிடிவாய் அடைந்துபோகவும் விட்டுவிடுகிறார்கள். பத்தாண்டு கழித்து ஒரு பலகையை எடுக்கவேண்டுமானால் தக்கையைத் துளைத்து அழிக்கவேண்டும். துளை அலகு எஃகுத்தலையில் பட்டு மழுங்கும்; குழியின் விளிம்பு சிதையும்; அடைபட்ட பிடிவாயில் திருப்புளி நிற்காது. நல்ல நிலையிலுள்ள பலகையைக்கூடப் பிளந்தே எடுக்க நேரும். கவ்வி முறைக்கு எதிராக இம்முறையை ஆதரித்த முதன்மையான வாதம் அத்துடன் பொருளிழக்கிறது. அழிவில்லாமல் கழற்ற முடியாத திருகாணிக்கும் பழங்காலத்து அறைந்த ஆணிக்கும் பழுதுபார்ப்பவர் நோக்கில் வேறுபாடு சிறிதே.

குறைகளுள் அடுத்தது தடிமனைப் பற்றியது. தக்கை நிலைத்து நிற்க அதன் உடல் குறைந்தது 6 மி.மீ. ஆழமாவது இருக்கவேண்டும்; தேய்மானத்துக்கும் இடம்விட்டால் 8 மி.மீ. ஆகிறது. 19 மி.மீ. பலகையில் இவ்வளவு குழித்தால் திருகாணித் தலைக்குக் கீழே 11 மி.மீ. மரமே எஞ்சுகிறது, பலகையைச் சட்டத்தோடு அழுத்தும் வேலை முழுவதும் அந்த மெல்லிய பகுதியின் மேல் விழுகிறது. குழியின் ஆழத்தைக் குறைத்தால் தக்கை மெல்லிய வில்லையாகிப் பெயர்ந்துவிடும். இந்த இக்கட்டுக்குத் துளை அலகில் தீர்வில்லை, பலகையின் தடிமனில்தான் உண்டு, 25 மி.மீ. பலகை இரண்டுக்கும் இடம்தரும். மெல்லிய பலகையில் தக்கைமுறையை வற்புறுத்துவது தோற்றத்துக்காகப் பிடிமானத்தை விற்பதாகும்.

தக்கை மெலிவதன் விளைவைக் கண்ணாடியிழைப் படகுகளின் வரலாறு காட்டியிருக்கிறது. 1970களிலும் 1980களிலும் கட்டப்பட்ட பல பாய்ப்படகுகளில், கண்ணாடியிழைத் தளத்தின் மேல் தேக்குக் கீற்றுகளைப் பெருமளவு திருகாணிகளால் பிணைத்துத் தக்கையிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தேய்த்துக் கழுவியதால் தேக்கு தேய்ந்து தக்கைகள் மெலிந்து பெயர்ந்தன. நீர் திருகாணியின் வழியே இறங்கித் தளத்தின் நடுவிலிருந்த பால்சா போன்ற இலேசான மரத்தை ஊறவைத்து அழுகச்செய்தது. வெளியே தெரிந்தது பெயர்ந்த தக்கை. உள்ளே கெட்டிருந்ததோ முழுத்தளம். இன்று தேக்குத்தளம் இடும் படகுக்கூடங்கள் பல திருகாணியை அறவே விட்டுவிட்டுப் பசையால் ஒட்டும் முறைக்குப் போய்விட்டன. நிலத்துத் தளத்தின் அடியில் பால்சா இல்லை, காற்றும் தாங்குசட்டமும்தான் உள்ளன. ஆகவே பேரழிவு நேராது. ஆனால் நீர் இறங்கும் வழி அதேதான், அது சென்று சேரும் சட்டம் பெரும்பாலும் பதப்படுத்திய மென்மரம்தான், அதன் ஆயுள் மேலேயுள்ள ஈப்பேயைவிடக் குறுகியதுதான்.

மூடிய குழிக்குள் உலோகத்துக்கு நேர்வதும் கருதத்தக்கது. துருப்பிடிக்காத எஃகு துருவை எதிர்ப்பது அதன் மேற்பரப்பில் உருவாகும் குரோமிய ஆக்சைடுப் படலத்தால். அப்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உயிர்வளி வேண்டும். தக்கைக்குக் கீழே உப்புக்கலந்த ஈரம் தேங்கி, காற்றும் எட்டாமல் போனால், 304 தர எஃகுகூடக் குழிகுழியாக அரிக்கக்கூடும். மாலிப்டினம் கலந்த 316 தரம் கடலோரத்தில் இன்றியமையாதது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. வெளியே தெரியும் திருகாணித் தலையில் நிறமாற்றம் கண்டதும் எச்சரிக்கை கிடைக்கிறது. மறைக்கப்பட்ட தலை முறிந்து பலகை ஆடும்வரை அப்படி ஓர் எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. பலகையின் அசைவும் இதனோடு சேர்கிறது. ஈப்பே முற்றிலும் காய்ந்தால் வளையப்போக்கில் ஏறத்தாழ 8 விழுக்காடு சுருங்கும். பருவ மாற்றத்தில் அதன் ஈரப்பதம் 6 புள்ளி மாறினாலே, 100 மி.மீ. இடைவெளியிலுள்ள இரண்டு திருகாணிகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. அசைவும் அதனால் இழுவிசையும் எழும். பலகையிலுள்ள வழித்துளையைத் தண்டைவிடச் சற்று அகலமாக எடுத்தால் இது தணியும். அவ்வாறு எடுக்கப்பட்டதா என்பதைத் தக்கையிட்டபின் யாராலும் சோதிக்க இயலாது என்பதால், இம்முறையில் தச்சரின் நேர்மையே அளவுகோலாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோடும்போது, தளம் முழுவதும் தக்கையிடுவதற்கான வாதம் வலுவற்றதாகவே தோன்றுகிறது. மாறாக, கவ்வி பிடிக்க வழியில்லாத இடங்களில், அதாவது தளத்தைச் சுற்றி ஓடும் எல்லைப் பலகைகளிலும், படிக்கட்டின் மிதிபலகைகளிலும், பலகைகள் முனையோடு முனை சந்திக்கும் இடங்களிலும், மரத்தக்கை முறைக்கு நிகரான வேறொன்றில்லை. அங்கே மிதியும் விசையும் மிகுதி, எண்ணிக்கையோ குறைவு. ஒவ்வொரு தக்கையையும் கவனத்தோடு இடத் தச்சருக்கு நேரமும் இருக்கும். வெறுங்காலோடு நடமாடும் நீச்சல்குள ஓரத்தையும் இதில் சேர்க்கலாம். கோடை வெயிலில் சூடேறிய உலோகத்தலை பாதத்தைச் சுடும் என்பது கற்பனைக் குறையன்று. பெரும்பரப்பில், 25 மி.மீ. பலகையும் காற்றோட்டமான அடிப்பகுதியும் வாய்த்து, தக்கையை வார்னிஷிலோ மென்பசையிலோ பதிக்க உரிமையாளர் இசைந்து, ஆண்டுக்குச் சில தக்கைகளை மீண்டும் அடைக்கவேண்டியிருக்கும் என்பதையும் ஏற்றுக்கொண்டால், அங்கேயும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அந்த இசைவு இல்லாத இடத்தில் வரிசை பிசகாமல் இறக்கிய திருகாணித் தலைகள் வெளியே தெரிவதே மேல். இரண்டிரண்டாக நேர்கோட்டில் ஓடும் எஃகுத்தலைகளில் அழகில்லை என்று கருதுவது பழக்கத்தின் விளைவு. அவற்றைக் குறையாகப் பார்க்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

பலகை சேதமில்லாமல் கழல்கிறதா என்பதை இத்துணை வலியுறுத்துவதற்கு மரத்தின் பக்கமிருந்தும் காரணம் உண்டு. ஈப்பே காட்டில் அடர்ந்து வளர்வதில்லை. ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் முதுமரங்களைத் தேடி வெட்டவேண்டியிருப்பதால், ஒரு மரத்துக்காகத் திறக்கப்படும் பாதை காட்டின் பெரும்பகுதியைக் கீறுகிறது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஈப்பேயைச் சேர்க்க 2022இல் பனாமாவில் நடந்த மாநாடு முடிவுசெய்தது. அது 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரை நடைபாதையில் பல பத்தாண்டுகள் மிதிபட்ட வெப்பமண்டல வன்மரப் பலகைகள் அகற்றப்பட்டபோது மறுபயன்பாட்டுச் சந்தைக்கு வந்து, புதிய இருக்கைகளாகவும் தளங்களாகவும் மாறின. சாம்பல் பூத்த மேல்தோலைச் சீவினால் உள்ளே மரம் புதிதாகவே இருந்தது. வீட்டுத்தளத்திலும் பலகையின் ஆயுள் அதைத் தாங்கும் சட்டத்தைவிட நீண்டது. சட்டத்தை மாற்றும் நாளில் பலகைகளைக் கழற்றி மீண்டும் இடவேண்டியது உறுதி. எனவே தளம் அமைப்பவரோடு உடன்பாடு செய்யும்போது, தக்கை எந்த மரத்தில் வெட்டப்பட்டது என்று கேட்பதோடு அது எதில் பதிக்கப்படுகிறது என்றும் கேட்டு, ஒரு தக்கையைப் பதித்து மறுநாள் அதைக் கழற்றிக் காட்டச் சொல்வது உரிமையாளருக்கு உள்ள நியாயமான உரிமை. வேலை தெரிந்த தச்சர் அதை மறுக்கவேண்டிய காரணமில்லை.